இடது ஆள்காட்டி விரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு நான் கேட்டது ஒரு ஜோடி கையுறை. கிடைக்கவில்லை. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் போன வருடம் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரியைத் தேடி எடுத்தேன். மகள் ஷைனி முன்பக்கங்களில் மயில் வரைந்து வைத்திருக்கிறாள். அவளுக்கு விட்டது போக மீதி எனக்கு.

மதியத்துக்கு முன்னால், நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்குக் கல்லூரிச் செயலாளர் வந்தார். என் வீட்டுக்காரர் ஆசீர் பஸ் ஓட்டுகிற கல்லூரி. டாக்டர் சிதம்பரநாதன் வாசல்வரை போய் அழைத்து வந்தார். வேறு யாருக்கும் அவர் அப்படி எழுந்ததில்லை. செயலாளர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் பார்த்தேன். கீழுதட்டின் ஓரத்தில் நீர் கோத்த கொப்புளங்கள், கொத்தாக. உதட்டில் அப்படி இருந்தால் ஆறிய பிறகு வரச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டரின் காதருகே போய்ச் சொன்னேன்.

"காய்ச்சல் கொப்புளம்தாம்மா. அவருக்கு டைம் கிடையாது. சக்ஷனைப் பிடி."

டாக்டர் பல்லைக் குடையும்போது என் வலது கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், உதட்டை விலக்கிப் பிடிப்பது இடது கை. பாதியில் ஆள்காட்டி விரல் நுனியில் கையுறை கிழிந்து நகம் வெளியே வந்தது. கிழியாமல் என்ன செய்யும்? காலையில் போட்டது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து ரப்பர் பிசுபிசுத்துப் போயிருந்தது. டாக்டர் ஆளுக்கு ஆள் புதுசு மாற்றுவார், நோயாளி பார்க்கும்படி. எங்களுக்குக் காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று.

"மாத்திக்கிடட்டுமா டாக்டர்?"

"மத்தியானம் மாத்திக்கலாம். இப்ப கையை எடுக்காத."

எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் ஆய்ந்தபோது அந்த நகக்கண்ணில் முள் ஏறியிருந்தது. செயலாளரின் எச்சில் அதில் பட்டு எரிந்தது.

நாளை சாம்பல் புதன். ஈஸ்டர் வரை வீட்டில் கவிச்சி இல்லை.

மார்ச் 8, சனி

தண்ணீர் வரவில்லை. ஷைனி தலையில் பேன். மண்ணெண்ணெய் வாசம் வருகிற ஷாம்பு போட்டு வாரி எடுத்தேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து மதினி எட்டிப் பார்த்தார். ஆசீரின் அக்கா. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் எட்டிப் பார்ப்பார்.

மார்ச் 11, செவ்வாய்

இடது ஆள்காட்டி விரலில் குறுகுறுப்பு. எறும்பு உள்ளே ஓடுகிற மாதிரி. சாளை முள் இன்னும் உள்ளே இருக்கிறதோ என்று ஊசியால் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

விரல் வீங்கி, நகத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். உள்ளே யாரோ கொல்லன் உலை வைத்து ஊதுவதுபோல வலி. தொட்டால் உயிர் போகிறது. கையுறைக்குள் நுழைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிளினிக்கில் கருவிகளைக் கழுவுகிற முப்பிடாதி அக்கா பார்த்துவிட்டார்.

"ஏட்டி பியூலா, என்னட்டி விரல் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"நகச்சுத்து போலக்கா."

"நகச்சுத்துன்னா ஒரு எடத்துலலா பழுக்கும்? இது என்ன, ஜவ்வரிசி கொட்டின மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ ஏட்டி."

"உங்க கையை மொதல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்க."

அவர் சிரித்துவிட்டுக் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கருவிகளை ஊறப்போடுகிற திரவம் மூக்கில் ஏறினாலே தலை சுற்றும். அதில்தான் அவர் கை நாள் முழுக்கக் கிடக்கிறது. உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்து, விரலிடுக்கில் தோல் உரிந்து, மருதாணி போடாமலே சிவந்து கிடக்கும். கனமான ரப்பர் உறை வாங்கித் தரச் சொல்லி இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "ஆர்டர் போட்டிருக்கு" என்பார் டாக்டர். எந்தக் கப்பலில் வருகிறதோ.

மார்ச் 14, வெள்ளி

டாக்டரிடம் விரலைக் காட்டினேன். கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எட்ட நின்று, "நகச்சுத்துதான். சீழ் கட்டியிருக்கு. கீறிவிட்டாச் சரியாயிடும், உட்காரு" என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எனக்காகப் புதுக் கையுறை மாற்றினார். அதைக் கவனித்தேன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கீறினார். சீழ் வரவில்லை. தண்ணீரும் ரத்தமும்தான் வந்தது. இன்னொரு இடத்தில் கீறினார். அங்கேயும் தண்ணீர்.

"நல்லா அமுக்கிவிடு. ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போடு. சாயங்காலம் ஒரு ரூட் கெனால் இருக்கு, இருந்துட்டுப் போயிடு."

இருந்துவிட்டுப் போனேன். மரத்த விரலில் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் கையுறை போட்டு, யாரோ ஒருவருடைய உதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 15, சனி

வலி. வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல். அக்குளில் நெல்லிக்காய் அளவு நெறி கட்டியிருக்கிறது. விரலிலிருந்து மணிக்கட்டுவரை சிவப்புக் கோடு. ஆசீர்தான் சோறு பொங்கினார். உப்பு போட மறந்துவிட்டார். ஷைனி அப்பளத்தைத் தொட்டுத் தின்றாள். நல்ல மனுஷன். இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவில் காலையிலிருந்து வரிசையில் நின்று, மத்தியானம் உள்ளே போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். கண்ணுக்குக் கீழே கருவளையம். கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு இதை வெட்டினது?"

"நான் வேலை பாக்குற எடத்துல, டாக்டர்தான்."

"என்ன டாக்டர்?"

"பல் டாக்டர்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். "பல் டாக்டருக்கு இது தெரிஞ்சிருக்கணுமே. இது சீழ் இல்லம்மா. வைரஸ். ஹெர்ப்பிஸ்னு பேரு. வாயில, உதட்டுல கொப்புளமா வரும்ல, அதேதான் விரல்ல வந்திருக்கு. இதை வெட்டவே கூடாது. வெட்டினதால இப்ப மேலால வேற கிருமியும் சேந்திருக்கு."

எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அடுத்தவங்க வாய்க்குள்ள கை விடுறதுதானே உங்க வேலை. கொப்புளம் இருக்கிற யார் வாயிலயாவது, காயம் இருக்கிற விரல் பட்டிருக்கும். பல் வேலை பாக்கிறவங்களுக்கு வர்றதுதான். கிளவுஸ் போடலையா?"

"போட்டிருந்தேன். கிழிஞ்சிருச்சு."

"கிழிஞ்சா மாத்தணும்மா."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபமில்லை. எங்கேயாவது ஒருவர் அதைச் சாதாரணமாகச் சொல்கிறாரே என்றுதான்.

மாத்திரை எழுதினார். ஆறிப் பொருக்கு உதிரும்வரை வேலைக்குப் போகக் கூடாது, நோயாளிகளுக்கு ஒட்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. பிள்ளையை அந்தக் கையால் தொடக் கூடாது. மூடிவைத்தால் வீட்டில் உள்ளவர்களுக்குப் பயமில்லை. உடம்பைவிட்டு முழுசாகப் போகாது, எப்போதாவது திரும்ப வந்தாலும் வரும்.

சாயங்காலம் ஆசீரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் உதட்டில் பார்த்ததையும் சொன்னேன். அதுவரை என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் விட்டுவிட்டார்.

"அவர் பேரை எங்கயும் எடுக்காத."

"உங்ககிட்டதான சொல்லுதேன்."

"எங்கிட்டயும் வேண்டாம். அவர்தான்னு என்ன நிச்சயம்? எத்தனை பேர் வாயில நீ கை வைக்க."

பயந்துவிட்டார். கான்ட்ராக்ட் டிரைவர். பயம் இருக்கத்தான் செய்யும்.

மார்ச் 20, வியாழன்

லீவு சொல்லக் கிளினிக்குக்குப் போனேன். தோல் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் சிதம்பரநாதன் டாக்டர் கதவைச் சாத்தினார்.

"ஹெர்ப்பிஸா? அது இங்கருந்து வராதும்மா. நான் இத்தனை வருஷமா பாக்கிறேன், எனக்கு வந்திருக்கா?"

"நீங்க ஆளுக்கு ஆள் கிளவுஸ் மாத்துறீங்க டாக்டர்."

"இங்க பாரு, அது எப்படிப் பரவுற நோய்னு ஊருக்கே தெரியும். வீட்டுக்காரரைக் கேளு. டிரைவர்தான?"

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் வாயில் வந்து நின்றன. வரும் வழியெல்லாம் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கேஸ் சிலிண்டர்க்காரர் என்னம்மா என்று கேட்டார்.

ஆசீரிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஆசீருக்கு நாளையிலிருந்து அதிகாலை டிரிப்பாம். எழுந்து போகும்போது எங்கள் தூக்கம் கெடும் என்று முன்னறையில் படுத்துக்கொள்கிறார். ஷைனியையும் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டார். அவளுக்கு அங்கே ஃபேன் காற்று நன்றாக வரும்.

மார்ச் 22, சனி

எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இதை எடுத்துவைத்தது மதினி. ஆசீர்தான் சொல்லியிருப்பார், எனக்கு என்ன நோய் என்று. நோயின் பெயரைச் சொன்னதில் ஒன்றுமில்லை, அக்காதானே. மதினி அந்தப் பெயரைத் தன் மகனுடைய போனில் போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் என்ன வந்ததோ, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, "உள்ள வரல" என்று சொல்லிப் போனார்.

ஆடு தொடா இலைபோல உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று திருவிருந்து ஆராதனை. கிளம்பும்போது மதினி கேட்டில் நின்றார்.

"பியூலா, நீ இன்னைக்குத் திருவிருந்துக்கு எந்திரிக்காண்டாம். ஒரே பாத்திரத்துலலா எல்லாரும் திராட்சரசம் குடிக்கணும். சபை மக்களையும் நெனைக்கணும்லா."

"விரல்லதான மதினி இருக்கு. நான் விரலாலயா குடிக்கப் போறேன்?"

"அது எங்கெங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்."

ஆசீர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருக்காது. துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்து போனார்கள். மதினியும் போனார். வெயில் ஏறினாலே அவருக்கு உதட்டில் கொப்புளம் வரும். வருடா வருடம் பார்க்கிறேன். இன்றைக்கும் மேலுதட்டில் இருந்தது, தேங்காய் எண்ணெய் தடவி மினுமினுத்துக்கொண்டு. அந்த உதட்டோடு பாத்திரத்தில் குடித்துவிட்டு, கைகூப்பியபடி என்னைக் கடந்து போய்த் தன் இடத்தில் முழங்காலிட்டார்.

பாட்டுப் புத்தகத்தை எடுத்து எறிந்துவிடலாமா என்று இருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் போகட்டும்.

மார்ச் 24, திங்கள்

அதிகாலை டிரிப் என்பது பொய். ஆசீர் இன்றைக்கும் வழக்கமான நேரத்துக்குத்தான் போனார். எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். எழுதத்தான் மனசு வரவில்லை.

போகும் முன் கேட்டேன். "நேரா சொல்லுங்க. என்ன நெனைக்கிய?"

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார். "டாக்டருக்குப் போன் போட்டேன்."

"எந்த டாக்டருக்கு?"

"உன் டாக்டருக்குத்தான். அது அங்கருந்து வராதுன்னு சொல்லுதாரு. அவரு படிச்சவரு. எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. அப்ப எங்கருந்து வந்திச்சு?"

பத்து வருடம் கூடவே இருந்த மனுஷன். சொன்னேன், தோல் டாக்டர் சொன்னதை எல்லாம், வரிசை மாறாமல், இரண்டாம் தடவை. பல் வேலைக்காரர்களுக்கு வரும் என்று. உதட்டில் வருவதும் இதுவும் ஒன்றுதான் என்று. கிழிந்த கையுறையை. செயலாளரை.

செயலாளர் என்றதும் எழுந்துவிட்டார். "மறுபடியும் அவரை இழுக்காத பியூலா. அது ஒனக்கு ஒரு சாக்கு."

சாக்கு என்றார்.

பிறகு பக்கத்து வீட்டுக்கு நானே போனேன். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, வருஷா வருஷம் உங்க உதட்டுல வருதே, அதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா?"

"சூட்டுக் கொப்புளம்."

"அதுதான் என் விரல்ல இருக்கது. ஒரே கிருமி. ஒரே பேரு. உங்க மவன் போன்ல உதடுன்னு சேத்துப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. நேத்து சபை மக்களைப் பத்திக் கவலைப்பட்டீங்களே, மொதல்ல உங்க டம்ளரைத் தனியா எடுத்து வைங்க."

முறம் அவர் கையில் அப்படியே நின்றது.  

மார்ச் 26, புதன்

இன்றைக்கு வேலை போனது. எப்படிப் போனது என்று முழுசாக எழுத வேண்டும்.

காலையில் டாக்டரே போன் செய்தார். இன்னொரு உதவியாளர் வரவில்லையாம், கொஞ்ச நேரம் வந்து போ என்றார். பொருக்கு இன்னும் உதிரவில்லை, வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "வா, பேசிக்கலாம்" என்றார். பேசத்தான் போனேன். ஒன்பது வருடச் சம்பளம் வாங்கிய இடம், நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று.

நாற்காலியில் ஒரு சின்னப் பெண். ஷைனி வயதுதான் இருக்கும், கொஞ்சம் கூடக் குறைய. பால்பல்லில் சொத்தை. பயத்தில் அம்மாவின் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "விரல்ல பிளாஸ்திரி சுத்திட்டு ரெண்டு கிளவுஸ் போட்டுக்கோ. அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"பிள்ளைக்கு ஒட்டிரும் டாக்டர்."

"ரெண்டு கிளவுஸ்னு சொல்றேன்ல."

"எனக்குக் கிழிஞ்சப்ப ஒண்ணு தரல. இப்ப ரெண்டு வருதா?"

"சத்தம் போடாத. பேஷண்ட் இருக்காங்க."

என்னுடையது வீட்டுக்காரரிடமிருந்து வந்தது என்று என்னிடமே சொன்னவர். ஒட்டும் என்று தெரிந்தே, அதே விரலை ஒரு குழந்தையின் வாய்க்குள் விடச் சொல்கிறார்.   கதவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தேன். காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள். டிவியில் சமையல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் இங்க ஒம்போது வருஷமா வேலை பாக்கேன். இங்க டாக்டர் கிளவுஸ் மாத்துவாரு. உங்க உதட்டைப் பிடிக்க எங்களுக்கு மாத்தத் தர மாட்டாரு. ஒருத்தர் வாயில விட்டதைத் துடைச்சிட்டு அடுத்த ஆளு வாயில விடுதோம். என் விரலைப் பாருங்க." கட்டை அவிழ்த்துத் தூக்கிக் காட்டினேன். "இது ஒரு நோயாளி உதட்டுலருந்து வந்தது. இந்த விரலோடதான் இப்ப அந்தச் சின்னப் பிள்ளை வாயில கை வைக்கச் சொல்லுதாரு. நான் வைக்க மாட்டேன். நீங்க உள்ள போகும்போது, எல்லாரும் உங்க கண்ணு முன்னால புதுசு மாத்தணும்னு கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

 ஓரத்தில் பொய்ப்பல் செட்டுக்காக வந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாகத் தன் செருப்பைத் தேடி மாட்டினார். அந்தக் குழந்தையின் அம்மா உள்ளேயிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டும்போது நின்று, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டர் அறைவாசலில் நின்றார். "நாளைல இருந்து வராத" என்றார். குரல் எழவே இல்லை.

"இன்னைக்கே நானா வரலையே டாக்டர். நீங்க கூப்பிட்டீங்க."

கழுவுமிடத்திலிருந்து முப்பிடாதி அக்கா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார்.  வெளியே வந்தேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்தேன்.

மார்ச் 27, வியாழன்

ஆசீருக்கு விஷயம் எட்டிவிட்டது. "நீ அங்க போய் சத்தம் போட்டியாமே" என்றார். செயலாளர் பெயரைச் சொன்னேனா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். மூச்சு விட்டார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மார்ச் 31, திங்கள்

பொருக்கு உதிர்கிறது. அடியில் இளஞ்சிவப்பாகத் தோல். வெட்டின இடங்களில் மட்டும் தழும்பு, நுனியில் உணர்ச்சி குறைவு. ஷைனிக்கு ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. வாய்ப்பாடு ஒப்பித்தாள், ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

முப்பிடாதி அக்கா வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டாராம்.

"நீ போனதுக்கு அப்புறம் ரெண்டு நாள் பாத்தேன். ரிசப்ஷன்ல இருக்க பிள்ளையைச் சக்ஷன் பிடிக்கச் சொன்னாரு. அது ரத்தத்தைப் பாத்துட்டு வாந்தி எடுத்துட்டுது. வாரவங்க எல்லாம் கிளவுஸை மாத்து, மாத்துன்னு கேக்காவ. மனுசன் எங்கிட்ட வந்து, நீ வாடி, நீ பிடிங்காரு. நான் கையை விரிச்சுக் காட்டினேன். இதை வச்சா பிடிக்கச் சொல்லுதியன்னு கேட்டேன். திரும்பிப் போயிட்டாரு. நானும் வந்துட்டேன்."

மத்தியானம் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே பெண் டாக்டர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மருந்து திரவத்தில் தோல் வெந்து போயிருக்கிறது, அந்த வெடிப்பில் பூஞ்சையும் சேர்ந்திருக்கிறது என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அக்கா, "கை இப்படித்தான்னு நெனச்சுட்டேம்மா" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சிதம்பரநாதன் டாக்டர் போன். குரலில் தேன். வெளியூரிலிருந்து பெரிய கேஸ் வருகிறதாம், பழகின கை இல்லாமல் முடியாதாம், பெட்டி பெட்டியாகக் கையுறை வாங்கி வைத்துவிட்டாராம். நடந்ததை மறந்துவிட்டு வா என்றார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. எங்க வீட்டுக்காரர்ட்ட, இது உங்க கிளினிக்லருந்துதான் வந்ததுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

 "வர்றேன்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் வந்தார். கையில் ஆப்பிள் பை. ஆசீர் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். வாசலில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு மதினி கலர் சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். பதினைந்து நாளாக என் வீட்டுக்குள் வராதவர்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஆசீர், இது தொழில்ல வர்றதுதான். பேஷண்ட் வாய்ல இருந்து கைக்கு வரும். வேற மாதிரி எதுவும் நினைச்சுக்காதீங்க."

"அன்னைக்கு என்ன சொன்னீங்க டாக்டர்?" என்றேன்.

"அதை விடும்மா."

"சொல்லுங்க."

கலர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்காரரைக் கேளுன்னு சொன்னேன். இவர் போன் பண்ணினப்பவும் இங்கருந்து வராதுன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்."

"எந்த பேஷண்ட் வாய்லருந்துன்னும் சொல்லிருங்க."

டாக்டர் நிமிர்வதற்குள் ஆசீர் முந்திக்கொண்டார். "அது எதுக்கு இப்ப?"

"ஆமா, அது எதுக்கு" என்றார் டாக்டர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். என்னமோ ரொம்ப நாள் சிநேகிதர்கள் மாதிரி. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. ஆசீர் என்னை நம்பாமல் இருந்ததற்கு டாக்டர் சொன்னது பாதிதான் காரணம். என்னை நம்பினால் செயலாளர்மேல் பழி போட வேண்டும். அது அவருக்கு முடியவில்லை. அதைவிட என்னைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்திருக்கிறது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் மதினி.

"சொல்லிட்டேன்ல. நாளைக்கு வந்திரும்மா" என்று டாக்டர் எழுந்தார்.

"வரல டாக்டர்."

"பின்ன எதுக்கு என்னைய இவ்வளவு தூரம்..."

"அப்புறம் பேசுவோம்னுதான் சொன்னேன். பேசியாச்சு. ஆப்பிளை எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போகவில்லை. மதினி தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

கார் போன பிறகு ஆசீரின் முகம் அப்படித் தெளிந்துவிட்டது, காய்ச்சல் விட்டவன் மாதிரி. என் கையை எடுத்து அந்த விரலைத் தடவினார். "இதை நீ அப்பவே இப்படித் தெளிவா சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

கையை உருவிக்கொண்டேன். ஷைனி அறையிலிருந்தாள், அதனால் கத்தவில்லை. பாத்திரம் கழுவப் போனேன். ஒரு தட்டை இரண்டு தடவை கழுவினேன்.

ஏப்ரல் 9, புதன்

ஜங்ஷன் பக்கம் வேறொரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். நேற்று பேசப் போனபோது அவர் கேள்வி கேட்கும் முன் நான் கேட்டேன், கையுறை எங்கே இருக்கிறது, யார் எடுக்கலாம் என்று. பெட்டி திறந்த அலமாரியில்தான் இருந்தது. முப்பிடாதி அக்காவின் கை ஆறினதும் அவருக்கும் இங்கே வேலை கேட்க வேண்டும்.

காலையில் ஆசீர் பைக்கை ஸ்டார்ட் செய்து வாசலில் நின்றார். "ஏறு, கொண்டு விட்டுட்டுப் போறேன்."

"நான் பஸ்ல போய்க்கிடுதேன்."

"ஏன்?"

"நான் காரணம் சொன்னா நம்பவா போறிய? யாராவது படிச்சவங்க வந்து சொன்னப்புறம் கேட்டுக்கோங்க."

பைக் உறுமிக்கொண்டே நின்றது. தெருமுனையில் பஸ் திரும்புவது தெரிந்தது. ஓடிப்போய் ஏறினேன். நிற்கத்தான் இடம் இருந்தது. மேல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். விரல் நுனிக்குக் கம்பியின் குளிர்ச்சி தெரியவில்லை. மற்ற நான்குக்கும் தெரிந்தது.